பாடத்தை விடுகிற கடைசி வெள்ளி

பாட ஆலோசனை மேசையில் இருக்கிறவர்களுக்கு இருட்டினபிறகு ஒரு வினோதமான சத்தம் கேட்கும். அலுவலகத்தில் நிற்பாட்டிவிட்டு வந்த பிரின்ரர் வீட்டுக்கு வந்தும் தலைக்குள் கிர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடம் தெரிவுசெய்து கொடுக்கிற நான் சொல்வது, அதே கதிரையில் தேய்கிற உங்களுக்கு விளங்கும். எனக்கு அதோடு படிக்கிறவர்கள்மேல் பொறாமையும் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் வருசத்தோடு, கல்யாணத்துக்காக நின்றுபோன படிப்பை முடிக்க, இந்தச் செப்ரெம்பரில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரேயொரு மாலைப்பாடம் எடுத்திருந்தேன். பயம் தாங்கவில்லை. வாற வெள்ளிக்குள் விட்டுவிட்டால் ஒரு பதிவிலும் இராது.

வாசலில் இறக்குதல்

பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிற ஓர் அங்கிள், இரவு வேலை முடிந்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்குக் கணக்கியல் ஓடவில்லை. "வெள்ளிக்கிழமைதான் ட்ரொப் பண்ணக் கடைசி நாள்" என்றேன். பாடத்தை விடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாள்தோறும் மகளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற அங்கிளின் முகம் கறுத்துவிட்டது. என்னுடைய அப்பா என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கின ஒரே இடம் கல்யாண மண்டபம். இந்த மனுசன் நித்திரையில்லாத கண்ணோடு கேட்கிறார்:

"அதுக்குப் பிறகு பிள்ளை பஸ்ஸிலையோ வரவேணும்? வின்ரர் வருது. நான் வாசலுக்கு வரேல்லை, ரோட்டிலை வைச்சு ட்ரொப் பண்ணினால் விடுவினமோ?"

மாமியும் ரீவியும்

மில்லிக்கனில் இருந்து வருகிற கௌசிக்கு என் வயது. மடியில் என் மகன் வயதில் ஒரு பிள்ளை. ஐந்து பாடம் எடுக்கிறாள், எல்லாவற்றிலும் எண்பதுக்கு மேல். பிள்ளையை ஆர் பார்க்கிறது என்று கேட்டேன். "மாமிதான் அக்கா. நான் படிக்கேக்கை ரீவியிலை சத்தத்தை நிப்பாட்டிப் போட்டு, வாயசைக்கிறதை மட்டும் பாத்துக்கொண்டிருப்பா."

பிக்கரிங்கில் இருக்கிற என் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தால், ரீவிச் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். கௌசியின் படிவத்தில் ஸ்ரேப்பிளரைக் கொஞ்சம் பலமாகத்தான் குத்தினேன். அவள் எழும்பிப் போகும்போது நல்ல மனதோடு கேட்டாள்:

"எல்லாம் இவ்வளவு வடிவாச் சொல்லுறியள், நீங்கள் அக்கா எந்தக் கம்பஸிலை முடிச்சனீங்கள்?"

நிலானி கண்டுபிடித்தது

பக்கத்து மேசை நிலானி இங்கேயே பிறந்தவள். இரண்டு பட்டம் வைத்துக்கொண்டு, படிச்சது போரடிச்சது என்று சொல்கிறவள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுடைய கோப்பியில் உப்புப் போடவேணும் போல இருக்கும். நான் கொன்வென்ற்றில் படித்தவள் என்றபடியால் போடவில்லை. வியாழக்கிழமை அவள் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்கா, ஸ்ருடன்ற் லிஸ்ற்ல உங்கட நேம் வந்திருக்கு. சிஸ்டம் மிஸ்ரேக் எண்டு ரிமூவ் பண்ணப் போனன், லக்கிலி பெர்மிஷன் இல்லை. பிறகுதான் பாத்தன், நீங்களேதான் பதிஞ்சிருக்கிறியள்."

வெள்ளி, எட்டு மணி

அன்று இரவு எட்டு மணிக்கு எனக்கு முதல் சோதினை, கணினியில், ஒரு மணித்தியாலம். நள்ளிரவு பன்னிரண்டு மணி வரைக்கும் பாடத்தை விடலாம். ஏழேமுக்காலுக்கு விரல் அந்தப் பொத்தானில்தான் இருந்தது. அங்கிளின் மகளை, கௌசியை, நிலானியை ஒவ்வொருவராக நினைத்தேன். பயத்தைவிட எரிச்சல் கூடிப்போய், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன்.

மகன் பிறந்த நாளிலிருந்து நான் ஒரு கதவையும் உள்ளுக்குப் பூட்டினதில்லை. நான் பூட்டியிருக்கிற நேரம் பார்த்து அவனுக்கு ஏதும் நடந்துவிடும் என்று ஒரு பயம். இரண்டு தரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மடியில் ஏறினான். மூன்றாம் தரம் என் கணவர் வந்து அவனைத் தூக்கினார். அப்போதுதான் திரையைப் பார்த்தார். மகனைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சும்மா சாத்தினால் காணாது, தாழ்ப்பாளைப் போடும். இவனை நான் பாக்கிறன்."

அடுத்தவரின் படிப்பைப் பார்த்து வயிறெரிவதைவிட என் படிப்பைப் பார்த்துப் பயப்படுவது கொஞ்சம் மரியாதையான வியாதி என்று சொல்லிக்கொண்டு, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.