தாடா பாக்கு

மலாயாவுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. வேலை செய்யும் மின்சார நிலையத்தில் புது ரப்பர் பூட்ஸ் கொடுத்தால், நான் உடனே போட்டுக்கொள்வதில்லை. தலைகீழாகப் பிடித்து அடியைத் தடவிப் பார்ப்பேன். உள்ளேயும் கைவிட்டுத் துழாவுவேன். முதல் தடவை இதைப் பார்த்த ஸ்டோர்காரர், மலாய்க்காரர், சிரித்துக்கொண்டே "தாடா பாக்கு!" என்றார். வெற்றிலை போடுகிறவர் போலிருக்கிறது, அதற்காக 'டா' போட்டா கேட்பது என்று எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மடியிலிருந்து இரண்டு கொட்டைப்பாக்கை எடுத்து நீட்டினேன். அவர் விழித்தார். கூட இருந்த தஞ்சாவூர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட, பாக்குன்னா இவங்க பாஷையில ஆணி! ஆணி இல்லேங்கிறார்யா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தேடியது ஆணியைத்தான்.

மேட்டூரிலிருந்து எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் கம்பி இழுத்த காலத்தில், நானும் என் தங்கை நல்லம்மாளின் புருஷன் பழனியப்பனும் ஒரே காண்ட்ராக்டரிடம் இருந்தோம். தோல் பூட்ஸா, ரப்பர் பூட்ஸா என்று அவர் கேட்டபோது மாப்பிள்ளைக்கு ரப்பரை எடுத்துக் கொடுத்தவன் நான். ரப்பரில் மின்சாரம் பாயாது என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கமும் சொன்னேன்.

"மெத்துனு இருக்குதுங்க மச்சான். நம்ம கல்லாங்காட்டுல ஒரு மாசம் தாங்குமுங்களா?" என்றார்.

"குடுங்க மாப்பிள்ளை, ஆணி அடிச்சுக் கொண்டாரேன்."

எங்கள் சீமையில் புதுச் செருப்பு வாங்கினால் ஆணி அடித்துவிட்டுத்தான் மறுவேலை. சந்தையில் செருப்புத் தைப்பவர் பக்கத்திலேயே நின்று, "நல்லா உள்ளவரைக்கும் எறக்குங்க" என்று வேறு சொன்னேன். பாவி! ரப்பர் எதற்கென்று சொன்ன அதே வாய். மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், ஈரத் தரையில் நின்று மாப்பிள்ளை சுவிட்சைத் தொட்டார். அவ்வளவுதான். பூட்ஸைக் கழற்றியவன் நான். உள்ளங்காலில் ஆணி நுனி பட்ட இடமெல்லாம் கருகியிருந்தது. அதை யாரிடமும் சொல்லாமலே கப்பலேறிவிட்டேன்.

போன வாரம் நல்லம்மாளின் கடிதம் வந்தது. "அண்ணா, எப்ப வாரீங்க? அவரு பூட்சைத் தொடச்சு ஊட்டுலயே வெச்சிருக்கறேன். நீங்க போட்டுக்கலாமுங்க. நீங்க அடிச்சுக் குடுத்த ஆணி ஒண்ணுகூடத் தேயலீங்க."

பதில் எழுத உட்கார்ந்தால் 'சௌக்கியம்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் நான் பிழைக்க வந்ததாக நினைக்கிறார்கள். காலையில் ஆணியில்லாத பூட்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இந்த மண்ணை அது என் காலில் படவிடாது. அந்த மண்ணை மிதிக்க எனக்கு முகமில்லை.