கேப்டன் மாமாவின் மடி

ஏழு வயது வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தாய்மாமனோ ராணுவத்தில் கேப்டன். அம்மா நாள் குறித்தால் அவருக்கு லீவு கிடைக்காது. அவருக்கு லீவு கிடைத்தால் எங்கள் பங்காளி வீட்டில் யாராவது செத்துத் தீட்டாகிவிடும். பிறகு போரே வந்துவிட்டது. களமருதூர் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளில் நான் மட்டும் மூளிக்காது. என் பெஞ்சில் உட்காருகிறவள் என்னைப் பையன்கள் வரிசையில் போய் நிற்கச் சொல்வாள்.

போர் முடிந்து, டெல்லியில் ஜனாதிபதி கையால் மாமாவுக்குப் பதக்கம் கிடைத்ததும் என் நிலைமை தலைகீழானது. பனிமலையில் ஏறி எதிரியின் பங்கரைப் பிடித்தவர், அடிபட்ட சிப்பாய் ஒருவரைக் குண்டு மழைக்கு நடுவே முதுகில் சுமந்து இறங்கியவர் என்று பேப்பரில் வந்திருந்தது. நான் அதோடு விட்டேனா? எங்கள் மாமாவுக்கு ஊசி போட்டால் ஊசிதான் வளையும் என்று வகுப்பில் அளந்துவிட்டேன். பெஞ்சுக்காரி, உன் காதுகுத்துக்கு நேரில் வந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். மாமா லீவில் வந்ததும் காதுகுத்துக்கு நாள் குறித்து, இரண்டு வேனில் சனம் கிளம்பியது. பெஞ்சுக்காரி முதல் வேனில் ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். கோயில் வாசலில் அப்பா கட்டியிருந்த பேனரில் 'எமனையே விரட்டியவர்' என்று எழுதி, மாமாவுக்குப் பின்னால் ஒரு பீரங்கியையும் ஒரு புலியையும் நிறுத்தியிருந்தார்கள். புலி எந்த நாட்டுப் பக்கம் சண்டை போட்டது என்று மாமா கேட்டதில் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பதக்கத்தைக் குத்திக்கொள்ளச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். மாமா மசியவில்லை. வெள்ளை வேட்டியோடு, தலையில் சீர்த்தட்டைச் சுமந்து, மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தார். ஆட்டம் சுமார்தான். ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மொட்டையடித்துச் சந்தனம் பூசி என்னை மடியில் வைத்தார்கள். என் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் மாமாவின் வேலை. வலது காதில் ஊசி இறங்கியதும் நான் போட்ட அலறல் மலை உச்சிக்கே கேட்டிருக்கும். என் கன்னத்தில் இருந்த கைகள் வெடவெடவென்று நடுங்கின. மொட்டைத் தலையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். எமனையே விரட்டியவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"இன்னா சார், நீங்களே இப்டி ஆடுனா நான் எங்கன்னு குத்தறது?" என்றார் ஆசாரி.

இடது காதில் ஊசி கொஞ்சம் மேலேறி இறங்கிவிட்டது. கூட்டமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவும் சிரித்தார். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவள் பெஞ்சுக்காரி. காது வலியை விட அதுதான் எனக்கு வலித்தது. மடியிலிருந்து குதித்து ஓடி, பேனருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா ஐஸ் வாங்கி வந்து நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது மலைமேல் கிராமத்திலிருந்து ஒருவர் தோளில் பலாப்பழத்தோடு ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். மாமா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். பேப்பரில் வந்த அந்தச் சிப்பாய் அவர்தான் என்று அம்மா சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. என் மானத்தை மீட்க இவர் ஒருத்தர் போதும். அவரைத் தனியாகப் பிடித்து, சண்டையில் எங்கள் மாமா அழவில்லைதானே என்று கேட்டேன்.

அவர் காலை நீட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுவலியா? என்னத் தூக்கினு எறங்குன வழியெல்லாம் அழுதுகினேதான் வந்தாரு பாப்பா. குண்டு வுழுந்துகினே கீது, இவரு கண்ணத் தொடைக்கக்கூட நிக்கல. முதுவுல கெடந்த நான்தான் தொடச்சி வுட்டுகினு வந்தேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. அங்கேயுமா? இதை மட்டும் என் பெஞ்சுக்காரியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சத்தியம் செய்துவிட்டு, பெரிய பலாச்சுளையாகப் பார்த்து என் கையில் வைத்தார்.

இன்றும் என் இடது கம்மல் வலதை விட ஒரு நெல்லளவு மேலே நிற்கும். வேறு ஓட்டை போட்டுத் தருவதாக நகைக்கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் தொடவிட மாட்டேன். அன்றைக்குக் கோயிலில் மைக் செட் கூட இருந்தது. ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை, ஒருத்தி காதில் விழாமல் காப்பாற்றிவிட்ட திருப்தியில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தேன்.