லோரிக்கு பாஜா போட்ட மச்சான்

எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டானாகச் சேர்ந்தவன், இன்றைக்கு ஈப்போவில் சொந்த லோரிகளை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு லோரி என் வீட்டு முனையில் திரும்பும்போதே, எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

கடைசியாக வாங்கிய லோரி புகையே விடாது. வெள்ளை வேட்டியைப் புகைக்குழாய் வாயில் பிடித்தாலும் அழுக்காகாது என்று எல்லாரிடமும் சொல்வேன். ஒரு தடவை பிடித்தும் காட்டினேன். வேட்டி தப்பித்தது. நான்தான் மனைவியிடம் தப்பிக்கவில்லை.

அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று என் போமனை நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். போமன் என்றால் எங்கள் பக்கத்தில் மெக்கானிக். டீசல் எரிந்தால் இரண்டு கெடுதல் பிறக்கும். ஒன்று கரி, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சைக் கமறவைக்கும் வாயு. கரியைப் பொந்து பொந்தாக இருக்கும் ஒரு பீங்கான் வடிகட்டிப் பெட்டி பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் நிற்காமல் நீளமாக ஓடினால் அந்தப் பெட்டி சூடேறி, பிடித்த கரியை அங்கேயே எரித்துவிடும். அதனால்தான் இந்த லோரியை ஊருக்குள்ளேயே சுற்றவைக்கக் கூடாது. வாயுவுக்கு வைத்தியம் வேறு. டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதில் யூரியா கலந்த சுத்தமான தண்ணீர். சூடான புகையில் அதைப் பீய்ச்சி அடுத்த பெட்டி வழியாக அனுப்பினால், கெட்ட வாயு சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறி வெளியே போய்விடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். என் மச்சானுக்கு இதில் பாதிதான் தெரியும். வந்த வினையெல்லாம் அந்தப் பாதியால்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. எஸ்டேட்டில் பாஜா போட்டே வளர்ந்தவன். உரத்தை நாங்கள் பாஜா என்றுதான் சொல்வோம். இப்போது பாகான் டத்தோவில் எண்ணெய்க்குக் கொஞ்சம் செம்பனை மரம் வைத்திருக்கிறான், எனக்கு லோரியும் ஓட்டுகிறான். அவனுடைய ஒரே மகளுக்குத் தைப்பிங்கில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அவர்கள் வந்து இறங்கும்போது மண்டபத்தில் மணவறை நிற்க வேண்டும், பெண்ணைப் பெற்றவன் வாசலில் தட்டோடு நிற்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் சம்பந்தி வீட்டில் காலத்துக்கும் பேச்சுத்தான்.

அன்றைக்கு மச்சான் தன் வீட்டிலிருந்து வாழை மரமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தான். வாடகை மணவறையைப் பிரித்து ஏற்றினோம். நானும் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஜெலாப்பாங் தாண்டி, மெனோரா சுரங்கப் பாதைக்குப் போகும் மேட்டில் லோரி இளைக்க ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. எங்களை ஒரு மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். ஒரு வழியாக ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினோம்.

முன்பலகையில் விளக்குகள் கோயில் மாதிரி எரிந்தன. நீலத் தொட்டியில் என்ன ஊற்றினாய் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"நேத்து வெளக்கு எரிஞ்சிச்சு மச்சான். எங்க பக்கத்துக் கடையில அந்தத் தண்ணி இல்ல. யூரியாதானே, நம்மகிட்ட இல்லாததா? கொட்டகையில இருந்த பாஜாவ வாளியில கரைச்சு ஊத்திட்டேன்."

"அப்படியேவா?"

"சேச்சே. துணியில வடிகட்டித்தான் ஊத்தினேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் பாஜா வீசிய கை வேறு என்ன செய்யும்?

போன் போட்டதும் போமன் வேனில் வந்து சேர்ந்தார். சீனர், கையில் கம்ப்யூட்டரோடுதான் வருவார். பீய்ச்சும் மூக்கைக் கழற்றிக் காட்டினார். வெள்ளையாக உப்புப் பூத்து அடைத்திருந்தது. செம்பனைக்குப் போடும் யூரியா கட்டியாகாமல் இருக்க அதன்மேல் ஏதேதோ பூசியிருக்குமாம். குழாய்த் தண்ணீரில் வேறு சுண்ணாம்பு. புகை சுத்தமாகவில்லை என்று வாலில் இருக்கும் சென்சர் கண்டுபிடித்ததும், லோரிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பலத்தைக் குறைத்துவிட்டது. எஞ்சின் யானை மாதிரிதான் இருக்கிறது, பாகன்தான் விடமாட்டேன் என்கிறான். தொட்டியைக் கழுவ வேண்டும், பெட்டியைச் சோதிக்க வேண்டும், லோரியைப் பட்டறைக்கு இழுத்துப் போனால்தான் முடியும் என்று மலாயில் சொல்லிவிட்டு, அந்த வெள்ளைத் தூளை விரலில் தேய்த்து மச்சானைப் பார்த்தார். செம்பனை குடிக்கும், லோரி குடிக்காது என்றார்.

மச்சான் சாலை ஓரத்துக் கம்பியில் உட்கார்ந்துவிட்டான். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நானே பாஜா போட்டுட்டேன் மச்சான்," என்றான். அவன் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்னால் வரும் பஸ்ஸில் சம்பந்தி இருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்குத்தான் வரும். போனை எடுத்தேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மணவறையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே போய்விடலாம் என்று கெஞ்சினான். நடந்தால் போய்ச் சேருவதற்குள் உனக்குப் பேரனே பிறந்துவிடுவான் என்று சொல்லிவிட்டு அழைத்தேன்.

பஸ் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார், லோரியைச் சுற்றிப் பார்த்தார், கதை முழுவதையும் முகத்தைச் சுளிக்காமல் கேட்டார்.

"பாஜா போட்டா லோரி பெருசா வளந்துரும்னு பாத்தீங்களா சம்பந்தி?"

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் மச்சானும் சிரித்துவிட்டான். மாப்பிள்ளைப் பையனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். நாலு தூணும் பஸ்ஸின் நடுவழியில் நீட்டிப் படுத்தன. வாழை மரங்கள் பின் இருக்கையில் ஆட்களைப் போல உட்கார்ந்துகொண்டன. லோரியைப் போமனிடம் ஒப்படைத்துவிட்டு நாங்களும் ஏறினோம். மணவறையின் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் சம்பந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான்.

தைப்பிங்கில் வழக்கம் போல மழை. மண்டப வாசலில் சாமான்களை இறக்கியதும் மாப்பிள்ளை வீட்டார் யாரும் கீழே இறங்கக் கூடாது என்று சம்பந்தி சொல்லிவிட்டார். பஸ்ஸைத் திருப்பி ஏரிப் பூங்காவைச் சுற்றி வரச் சொன்னார்.

"நாங்க இன்னும் வரல சம்பந்தி. நீங்க மெதுவா வேலையப் பாருங்க லா."

அவர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் மணவறையை நிமிர்த்திவிட்டோம். தூண்களைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு என்னுடையதுதான். முன்னதாகவே மண்டபத்துக்கு வந்திருந்த என் மனைவி, தம்பியின் முகத்தில் இருந்த அழுக்கைத் துடைத்து, புதுச் சட்டையை மாட்டி, கையில் தட்டைக் கொடுத்து வாசலில் நிறுத்தினாள்.

பஸ் வந்தது. சற்று முன்புவரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்த மனிதருக்கு மச்சான் சந்தனம் கொடுத்தான்.

"வாங்க சம்பந்தி. பிரயாணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா?"

சம்பந்தி சந்தனத்தை நிதானமாகப் பூசிக்கொண்டார்.

"வழியில யாரோ ஒரு லோரிக்காரரு கொஞ்சம் நேரமாக்கிட்டாரு. மத்தபடி கொறை ஒண்ணும் இல்ல."