மனப்பாடமான நம்பர்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் செல்போனுக்குக் காசு ஏற்றிவிடும் கடைக்காரரை நான் ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். சுனாமிக்கு அடுத்த வருஷம். ஒல்லியான ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி. நாம் நோட்டில் எழுதும் நம்பரை விரல் வைத்து இரண்டு தரம் வாய்விட்டுப் படித்த பிறகுதான் காசு ஏற்றுவார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, பெருமுக்கல் மலைக்கோயிலிலிருந்து இறங்கும்போது என் செல்லில் முந்நூறு ரூபாய் ஏறியிருந்தது. ஈசன் கொடுத்தது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உடனே ஒரு போன் வந்தது.

"அண்ணே, வேற ஆளுக்குக் காசு ஏத்துறப்ப ஒரு நம்பர் மாத்தி அழுத்திட்டேன். என் கைக்காசு போயிடும்ங்க."

"எனக்கு எதுவும் வரலையேப்பா" என்றேன், நெற்றி நிறையத் திருநீறோடு.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடையில் என் நம்பரை எழுதி ஐம்பது ரூபாய் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். போனில் கேட்ட அதே குரல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிவிட்டு மீதி நம்பரைப் பார்க்காமலே சொன்னார்.

"அண்ணன் நம்பரை ரெண்டாந்தரம் படிக்க வேணாம். மனப்பாடமா இருக்குது. போய்ட்டு வாங்க."

உப்பளத்துக் கூலி மடியில் முழுசாக இருந்தது. அந்த முந்நூறை எடுத்துக் கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சுவாமியிடம் சொல்லிப் பார்க்கிறேன். சன்னதியில் நிற்கும்போது அதுவும் பொய்யாகத்தான் படுகிறது.