கல்லுக்கு எடுத்த ஸ்கேன்

வேலை செய்யும் இடத்தில் என் அக்காவுக்குக் கல்லு என்று பெயர். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. படுத்திருக்கும் பெண்ணுக்குத் திரை தெரியாது. அதனால் அவள் ஸ்கேன் எடுப்பவளின் முகத்தையே பார்ப்பாள். புருவம் கொஞ்சம் சுருங்கினாலும் போதும், அழ ஆரம்பித்துவிடுவாள். முடிவைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆகவே அக்கா இத்தனை வருடத்தில் முகத்தில் எதையும் காட்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவளையும் கண்ணாடி முன் நிற்கவைத்துப் பழக்கினாள்.

"உன் மாமியார் செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கோ. இப்ப லாட்டரி விழுந்துச்சுன்னு நினைச்சுக்கோ. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி இருக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா" என்றாளாம் புதுசு.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியபோது அவள் மூன்றாவது முறையாகக் கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்று என்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நான் வந்த சில நாளில் ஒரு சாயங்காலம் துடைத்த அடுப்பையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது அவள்.

"சாப்பாட்டு நேரத்துல கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு நானே எனக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தேன்" என்றாள். "தண்ணிப்பை மட்டும் இருக்கு. உள்ள காலி. இந்நேரம் துடிப்பு தெரியணும்."

"காலையிலகூட வாந்தி எடுத்தியே?"

"அது ஹார்மோன்டி. உள்ள நின்னுபோனாலும் ரத்தத்துல கொஞ்ச நாள் இருக்கும். போன தடவை எல்லாம் முடிஞ்சப்புறமும் நான் சந்தோஷமா வாந்தி எடுத்துட்டு இருந்தேன்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"அவர் தொட்டில் வெலை விசாரிச்சுட்டு இருக்கார். என்னத்தைச் சொல்ல?"

தனியே விட மனமில்லாமல் மறுநாள் அவளோடு போய் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது சும்மா. நடைவழியை அளந்துகொண்டிருந்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரிடமோ அக்கா கேட்பது காதில் விழுந்தது.

"மாசாமாசம் ஒழுங்கா வருமா, தள்ளிப்போகுமா?"

"தள்ளித்தான் போகும்."

"அப்ப கரு லேட்டாத் தங்கியிருக்கும். நாள் கணக்கை வெச்சுப் பயப்படாதீங்க. பத்து நாள் கழிச்சு வாங்க."

அக்கா டீ குடிக்க வெளியே வந்ததும் கேட்டேன். "உனக்கு?"

"எனக்கு என்ன?"

"ஒழுங்கா வருமா? கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு மாசம்கூட வராம இருக்குமே."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும் முதல்ல அதைத்தான் கேப்பேன்" என்றாள். "என்கிட்ட கேக்கவே இல்ல."

அதோடு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்பிக்கை வந்தது. அது இன்னும் மோசம். மத்தியானமானால் அவள் கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது. பத்து நாள் பொறுக்கவைக்க, சாப்பாட்டு நேரம் முழுவதும் நான் அந்தக் கதவில் சாய்ந்து நின்றேன். "வாட்ச்மேன் வந்தாச்சு" என்று புதுசு கேலி செய்தாள்.

பத்து நாள் கழிந்ததும் அக்கா டாக்டரிடம் போய்ச் சொன்னாள். தானே எடுத்துப் பார்த்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். புதுசுதான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தண்ணீர் குடித்து, முட்டிக்கொண்டு நிற்கும் அடிவயிற்றோடு அக்கா படுத்தாள். திரை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. புதுசு கருவியை அழுத்தி நகர்த்தினாள். நிறுத்தினாள். மறுபடி நகர்த்தினாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

"என்னடி தெரியுது?"

"டாக்டர் வரட்டும்க்கா."

"என்கிட்டயா?"

"நீங்க பழக்கினதுதானேக்கா."

எனக்குத் திரை தெரிந்தது. கறுப்புப் பைக்குள் அரிசியளவு வெளுப்பாக ஏதோ ஒன்று. அதில் மினுக் மினுக்கென்று ஏதோ அடித்துக்கொண்டது. அது உயிரா, படத்தின் ஆட்டமா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் வந்து பார்த்தார். திரையை அக்கா பக்கம் திருப்பினார்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு புதுசிடம், "அளவு தப்பு. அளக்குற கோட்டை இன்னும் கொஞ்சம் இழு" என்றாள். சுட்டிக்காட்டிய விரலை அந்தத் துடிப்பின் மேலிருந்து எடுக்கவில்லை.

எழுந்து வயிற்றைத் துடைத்துக்கொண்டு கதவு வரை போனவள் நின்றுவிட்டாள். வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள். கதவு திறந்தால் எல்லோரும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எல்லோருக்கும் நல்ல சேதி இருக்காது.

"கொஞ்சம் இருடி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காத்திருந்தேன். அன்று அந்த முகம் கல்லாக நேரமெடுத்தது.