நான் நகர்த்தி வைத்த பசைச் சட்டி

என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து முதல்முறை வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் என்னைத்தான் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்கு. தையல் கூடுற வரைக்கும், ஒரு மாசத்துக்கு, எந்த வேலையும் பாக்கக் கூடாது. உன் பொறுப்பு." கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மீறவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. விஸ்வநத்தத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அவள் வயிற்றில் ஒரு கட்டிதான் வளர்ந்திருந்தது. விருதுநகரில் அறுத்து எடுத்தார்கள். கிளம்பும்போது வார்டில் யாரிடமும் "போயிட்டு வாறோம்" என்று சொல்லிவிடாதபடி, என் வாயைப் பொத்தாத குறையாக பஸ் ஏறும்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் திரும்பப் போக நேரும் என்று ஒரு பயம். சொல்லாமல்தான் வந்தோம்.

இரண்டு பக்கமும் வந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். தீபாவளி சீசன், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. விடியுமுன் எழுந்து கிணற்றில் தண்ணீர் எடுத்தேன், அம்மியில் மசால் அரைத்தேன், சோறு பொங்கினேன், அவள் சேலைகளைத் துவைத்துப் போட்டேன். கிணற்றடியில் ஒருத்தி, "என்ன மச்சான், எங்க வீட்டுக்கும் ரெண்டு கொடம் எடுத்து ஊத்துறீகளா?" என்று கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு செம்புத் தண்ணீரைக்கூட நான் என் மனைவியைத் தூக்க விடவில்லை. இந்தத் தெருவில் எவன் பெண்டாட்டியை இப்படித் தாங்கியிருக்கிறான் என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். மெல்லிய மரச்சீவலையும் நீலத்தாளையும் ஏஜெண்டு கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுப் போவார். வாரம் ஒருமுறை வந்து ஒட்டிய பெட்டிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவார். தண்ணீர் சுமப்பது வேலை. சமைப்பது வேலை. வயலுக்குப் போனால் வேலை, கம்பெனிக்குப் போனால் வேலை. பெட்டி ஒட்டுவதை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேசிக்கொண்டே ஒட்டுவார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒட்டுவார்கள், துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போய் வந்து குளித்த ஈரத்தலையோடு உட்கார்ந்து ஒட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அவள் சொன்னாள், "மோட்டுவளையவே எம்புட்டு நேரந்தான் பாத்துக்கிட்டுக் கெடக்க? கிறுக்குப் பிடிச்சுரும் போலருக்கு. அந்தப் பசைச் சட்டிய இங்கன நகத்தி வச்சிட்டுப் போங்க."

நானே மாவு காய்ச்சினேன். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டினேன். எட்டி எடுத்தால் தையல் இழுக்குமே என்று சட்டியையும் பலகையையும் தாள்கட்டையும் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவ்வளவு அக்கறை எனக்கு.

பத்தாம் நாள் கட்டுப் பிரிக்கப் போனோம். தையலின் ஒரு முனையில் கசிவு இருந்தது.

"வேல ஏதும் பாத்தியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்கய்யா. எல்லாம் இவுகதான் செய்றாக" என்றாள். "ஒரு செம்பக்கூடத் தூக்க விடலைங்கய்யா" என்று நானும் சொன்னேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புண் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தாலே வாடை. மறுபடி வார்டில் சேர்த்துப் பென்சிலின் போட்டார்கள். மல்லாந்து படுத்தே கிடந்தாள். பதினைந்து இருபது நாளில் புண் கூடி வந்தது. டாக்டருக்கும் சந்தோஷம். திரும்பக் கூட்டி வந்தேன்.

இந்தமுறை சாப்பாட்டின் மேல் சந்தேகப்பட்டேன். புளியை நிறுத்தினேன், பருப்பை நிறுத்தினேன். தண்ணீர் குடித்தால் சீழ் வைக்கும் என்று தெருவில் சொன்னார்கள், நம்பினேன். தாகத்துக்கு அவள் கெஞ்சிக் கேட்டபோது அரை டம்ளர் கொடுத்தேன். பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பசைச் சட்டி அதன் இடத்தில் இருந்தது. ஒரே வாரத்தில் தையல் மறுபடி பிரிந்தது, இந்தத் தடவை காய்ச்சலோடு.

"இங்க இருந்தா ஆறுது, வீட்டுக்குப் போனா பிரியுது. அப்படி என்னதான்யா பண்றீங்க வீட்டுல?" என்று டாக்டர் கத்தினார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ஆண்பிள்ளை இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். கிணற்றடியில் சிரிக்க வைத்தவளின் கண்தான் பட்டுவிட்டது என்று அவளையும் திட்டினேன். திட்டுவதற்கு ஆள் தேடி ஊரையே சுற்றி வந்தேன்.

அன்று வார்டில் புதிதாக ஒரு நர்ஸ் இருந்தார், வெளியூர்க்காரர். என் மனைவியின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் பதறிப்போய், "டாக்டர், விரலெல்லாம் நீலம் பாஞ்சிருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் பெண்கள் எல்லோருடைய விரல்நுனியும் அப்படித்தான் இருக்கும். "அது ஒண்ணுமில்லம்மா, பெட்டி ஒட்டுற தாளு சாயம்" என்றேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

டாக்டர் திரும்பினார். "எப்ப ஒட்டுனா?"

"தினமுந்தான் அய்யா. காலையில உக்காந்தா வெளக்கு வைக்கிற வரைக்கும்."

"எப்படி உக்காந்து? உக்காந்து காட்டு."

வார்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஒரு காலை மடக்கி, ஒரு முழங்காலைத் தூக்கி, முன்னால் பலகை இருப்பதுபோல் குனிந்தேன். குனிந்ததும் என் வயிறு இரண்டாக மடிந்து தொடையில் அழுந்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்திரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

சீழ் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. மறுநாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, "நீக என்ன செய்வீக, எனக்குந்தான் தோணலையே" என்றாள். பிறகு, "வீட்ல மூணு கட்டுத் தாளு கெடக்கு. கரையான் அரிச்சுரும், அடுத்த வீட்ல குடுத்துருங்க" என்றாள். அன்று தண்ணீர் கேட்டாள். கேட்கக் கேட்கக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டாள்.

கம்பெனியில் நான் வேலை பார்த்த வெடிமருந்து அறையில் இரும்பு கூடாது, செருப்புக் கூடாது, ஒரு பொருளைத் தரையில் இழுக்கக் கூடாது. ஆபத்து என்றால் அது என் பக்கம்தான் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். தினமும் நான் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்று சாமியைக் கும்பிடுகிறவள் அவள்தான். எனக்கு ஒரு சிறு தீக்காயம்கூடப் பட்டதில்லை.

இறப்பைப் பதிய ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பெயர், வயது, புருஷன் பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். "என்ன தொழில்?" என்றார்.

"தீப்பெட்டி ஒட்டுறது" என்றேன். அதுவரை யார் கேட்டும் நான் அப்படிச் சொன்னதில்லை.

பேனா நகரவில்லை. "அது எல்லா வீட்லயும் ஒட்டுறதுதானய்யா. வேல என்ன பாத்தாக, அதச் சொல்லுங்க."

"அதான் பாத்தா. தீப்பெட்டி ஒட்டுனா" என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'வேலை இல்லை' என்று எழுதி, மை காய ஊதிவிட்டு, கையெழுத்துக்காக ஏட்டை என் பக்கம் திருப்பினார். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.