தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவருக்கு இடைவேளை மணி இல்லை, ஓய்வறை இல்லை, மாணவரைப் பற்றி முறையிட்டுக்கொள்ளப் பெற்றோரும் இல்லை. அந்தப் பெற்றோரும் அவரேதான்.

நான் தொழிலால் தையற்காரன். தெமோதரைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மெசினைப் போட்டுப் பன்னிரண்டு வருடமாகத் தைத்துவருகிறேன். மனைவி புஷ்பம் கொழுந்து பறிக்கப் போகிறாள். ஒரே மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது. வீட்டில் பேச்சை நிறுத்தும்படி கெஞ்ச வேண்டிய பிள்ளை அவள். பள்ளிக்கூடத்திலோ இரண்டு வருடமாக ஒரு கேள்விக்கும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. எழுந்து நிற்பாள், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், உட்கார்ந்துவிடுவாள். தேர்ச்சி அறிக்கையில் "மந்தம்" என்று எழுதி அனுப்பினார்கள். அந்த ஒரு சொல்லை வாசித்தபின் புஷ்பம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆண்டிறுதி விடுமுறையில், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியையை, அதிபர் அம்மாவை, போய்ப் பார்த்தோம். அவர் ஒரு வழி சொன்னார். முதலாம் தவணையை தர்ஷினி வீட்டில் படிக்கலாம். பெயர் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் இருக்கும். தவணை முடிவதற்குள் அவரே வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். வாயால் பதில் சொன்னால் ஐந்தாம் வகுப்பு. சொல்லாவிட்டால் நான்காம் வகுப்பிலேயே இன்னொரு வருடம். கூடப் படித்தவர்களெல்லாம் அவளை விட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். சமையற்கட்டையோ இஸ்தோப்பையோ வகுப்பறையாக்கிக்கொண்டு என்னைப்போலத் திண்டாடுகின்ற பெற்றோரே, உங்களுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டுமென்று அந்தத் தவணையில் நடந்த சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

மாரியாயி அக்காவின் சந்தேகம்

தவணை தொடங்கும் வாரத்தில் தையற்காரனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த வெள்ளைச் சீருடைத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் வேண்டுமென்று ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் சீருடை வெட்டிக்கொண்டிருக்க, என் மகள் வீட்டுச் சட்டையோடு பக்கத்துச் சிறு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த லயத்து மாரியாயி அக்கா தம் கடைசி மகளுக்கு அளவு கொடுக்க வந்தவர், வந்த வேலையை மறந்து தர்ஷினியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏந்தம்பி, புள்ளய கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவரே பதினோரு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு, கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவி வளர்ந்தவர் என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் அடங்கிப்போயிற்று. பெற்றோரே, நம் பிள்ளையைப் பற்றி அயலவர் கேட்கும் கேள்வியை உடனே அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கறையும் சில வேளை சந்தேகத்தின் உடையை உடுத்திக்கொண்டுதான் வரும். அதிபர் அம்மாவின் ஏற்பாட்டை விளக்கிச் சொன்னேன். அக்கா பாடக் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்றாலும் எழுதிய கடைசிப் பக்கம் வரை பார்த்தபின்தான் திருப்பித் தந்தார். படியிறங்கும்போது சொன்னார்: "சரி, நம்புறேன். ஆனா தெனமும் வந்து எட்டிப் பாப்பேன். ஒரு நாளு புள்ளயக் காணலேன்னு வையி, மொத்த லயத்தையும் கூட்டிருவேன், ஆமா!"

இரண்டு கிலோ குறைவு

கணிதத்தில் நிறை என்ற பாடம். மற்றக் கூட்டல்களையெல்லாம் பிசகில்லாமல் செய்த பிள்ளை, கிலோ என்று வந்தவுடன் தடுமாறினாள். பன்னிரண்டு கிலோவும் ஒன்பது கிலோவும் சேர்ந்து பத்தொன்பது என்று எழுதினாள். இருபதும் ஐந்தும் இருபத்துமூன்று என்றாள். ஒன்றல்ல, எட்டுக் கணக்கும் பிழை. அறிக்கையில் எழுதியிருந்த அந்தச் சொல் உண்மைதானோ என்று என் மனம் ஒரு கணம் தளர்ந்தது. தளர்ந்த மனம் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன், சத்தம் போட்டேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் சரியாத்தாம்பா கூட்டுனேன். அப்புறம் சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிச்சேன். அம்மா பறிச்ச கொழுந்த நிறுக்கிறப்ப அப்படித்தானே கழிக்கிறாங்க?" அந்திக்கு அந்தி வீட்டுக்கு வந்து தாய் சொல்லிப் புலம்பியதைப் பிள்ளை பாடமாகவே படித்துவைத்திருக்கிறாள். எட்டு விடைகளிலும் சரியாக இரண்டுதான் குறைந்திருந்தது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பிழையான விடையைக் கண்டால் உடனே சிவப்புப் பேனையை எடுக்காதீர்கள். அது எந்த வழியாக வந்தது என்று முதலில் கேளுங்கள். புத்தகத்துக் கணக்கில் யாரும் எதையும் கழிப்பதில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பன்னா அம்மாவ அந்தப் பொஸ்தகத்துல இருக்கிற தோட்டத்துக்கே வேலைக்கு அனுப்பிருவோம்பா!"

நீதிபோதனை வகுப்பு

நீதிக்கதை சொல்வதில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு என்பதை இதுவரை வாசித்தவர்கள் ஊகித்திருப்பீர்கள். ஒரு மாலை, புஷ்பம் உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருக்க, நானே கட்டிய கதையொன்றை மகளுக்குச் சொன்னேன். ஒரு மலையில் இரண்டு பெண்கள் கொழுந்து பறித்தார்கள். ஒருத்தி முற்றிய இலையையும் சேர்த்து அள்ளி அவசரமாகக் கூடையை நிரப்பினாள். மற்றவள் ஒவ்வொரு செடியாக நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நிதானமாகக் கிள்ளினாள். "இவர்களில் உயர்ந்தவள் யார்?" என்று கேட்டு, பொறுமையின் பெருமையை விரித்துரைக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

மகள் வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து பதில் வந்தது. குறித்த கிலோவைப் பறித்து முடிக்காதவருக்கு அரைநாட் சம்பளம்தான்; அதைத் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். கொழுந்து பறிக்கிறவர்களைப் பற்றிக் கதை கட்டுமுன், பத்தடி தூரத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. ரொட்டியைப் புரட்டிப் போட்டபடியே புஷ்பம் சொன்னாள்: "ஒசந்தவ யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா நின்னு நின்னு பறிச்சவளுக்கு அன்னைக்கு அரைப்பேருதான்."

இரண்டாம் மொழிப் பாடம்

சிங்களம் படிக்க, பேக்கரி ரொட்டியான பாண் விற்க வரும் வண்டியே தக்க பள்ளி என்று முடிவு செய்தேன். பாட்டுப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வரும் அந்த முச்சக்கரவண்டிக்காரர் கீழேயுள்ள சிங்களக் கிராமத்தவர். தமிழும் ஓரளவு பேசுவார். இரண்டு பாண் தாருங்கள் என்பதற்கு "பாண் தெகக் தென்ன" என்று சொல்லப் பழக்கி, மகளை வண்டிக்கு முன் நிறுத்தினேன். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து நானே "பாண் தெகக் தென்ன" என்றேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் அவர் பாணை எடுக்கவில்லை. அவளைத் தாண்டி என்னை நோக்கிச் சொன்னார்: "டெய்லர் மாத்தயா, பாண் வாங்க வந்தது புள்ளதானே? நாளைக்கி நீங்க உள்ளுக்கு இருங்க. நான் நிக்கிறது, எனக்கு அவசரம் இல்ல."

சுற்றுலா

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா உண்டென்றால் வீட்டுப் பிள்ளைக்கும் இருக்க வேண்டுமல்லவா? ஒரு சனிக்கிழமை வடைப் பொட்டலத்தோடு தெமோதரை ஸ்டேசனுக்கு நடந்தோம். அங்கிருந்து பதுளைக்குப் புறப்படும் ரயில் மலையை ஒரு முறை சுற்றி இறங்கி, ஸ்டேசனுக்கு அடியிலேயே உள்ள சுரங்கத்தின் வழியாகப் போகும். ரயிலை எங்கள் பக்கத்தில் கோச்சி என்போம். வழக்கம்போலத் தாமதமாக வந்த கோச்சி எங்களை விட்டுப் புறப்பட்டது. கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்த ஊழியர் குனிந்து, "என்ன பாப்பா, ஏறாம நின்னுட்டீங்க? எங்க போகணும்?" என்று மகளைக் கேட்டார். நான் பதில் சொல்லியிருப்பேன். வாய் நிறைய வடை இருந்தது.

தர்ஷினி பேசவில்லை. மலைச்சரிவில் வளைந்து இறங்கும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊழியரும் நகரவில்லை, அடுத்த வண்டிக்கு நேரம் கிடந்தது. கோச்சி தேயிலைக்குள் மறைந்தது, மறுபக்கம் தெரிந்தது, மீண்டும் மறைந்தது. கீழே சுரங்கத்தை அது எட்டுமுன், அவள் அவரைப் பார்க்காமலேயே தெளிவாகச் சொன்னாள்: "எங்கயும் போகல மாமா. கோச்சி எப்படி நம்ம காலுக்குக் கீழ வருதுன்னு பாக்க வந்தோம்."

வடையை விழுங்கினேன். என் மகள் வேற்று மனிதர் ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்லி நான் கேட்பது அதுவே முதல் தடவை. வகுப்பில் இவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்? அதற்குள் வேறொரு பிள்ளை பதில் சொல்லி, ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். வீட்டிலோ நானே முந்திக்கொள்கிறேன். ஊழியர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: "பதிலு கொஞ்சம் சுத்திக்கிட்டு வந்தா என்னங்க, நம்ம கோச்சிய விட முந்தி வந்துருச்சே!"

அதிபர் அம்மா வந்த நாள்

பங்குனியில் ஒரு பிற்பகல், மழையோடு அதிபர் அம்மா வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் வாங்கில் அமர்ந்து, கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டார். அன்று வேலைக்குப் போகாமல் நின்றுவிட்ட புஷ்பம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிபர் அம்மா வெளியே தோட்டத்துப் பாதையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தர்ஷினி, மழை பெய்ஞ்சா மலையில மண்ணு ஏன் சரியுது?"

தகரக் கூரையில் மழை இரைந்தது. மகள் எழுந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பாடத்தை அவளுக்கு நான் இரண்டு முறை நடத்தியிருந்தேன். விடை என் நாக்கின் நுனியில் துடித்தது. அதிபர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெருமூச்சோடு பேனையின் மூடியைக் கழற்றினார். ஒரு வருடம் என் கண்ணெதிரே கைநழுவிப் போவதைக் கண்டு நான் வாயைத் திறந்தேன். புஷ்பத்தின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், எழுதிறாதீங்க," என்றாள் தர்ஷினி. "நான் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதிபர் அம்மா பேனையை மூடினார். "யோசிம்மா. மழையும் விடல, நான் எங்க போகப் போறேன்?" புஷ்பம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் பாதி குடித்திருப்பார், பதில் வந்தது. "மரத்த வெட்டிட்டா வேரு இல்லாமப் போயிருது டீச்சர். வேரு இல்லாட்டி மண்ணப் புடிச்சிக்க ஆளு இல்ல. ஆனா எங்க லயத்துக்குப் பின்னால நெறைய மரம் இருக்கு. போன மழைக்கு அங்கயும் சரிஞ்சிச்சு. அது ஏன் டீச்சர்?" இம்முறை பேசாமல் இருந்தவர் அதிபர் அம்மா. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மழைக்குள் தெரிந்த அந்தச் சரிவை நெடுநேரம் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சொன்னார்: "எனக்கும் ஒடனே தெரியலம்மா, யோசிக்கணும். திங்கக்கிழம அஞ்சாம் வகுப்புக்கு வந்துரு, சேந்து யோசிப்போம்."

மகள் பள்ளிக்கூடத்தில் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். பேசாமலிருக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்பில் அவள் தகப்பன் இன்னும் முதலாம் தவணையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.